பாதிப் போர்வையும் மூன்று மாதச் சர்க்கரையும்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், காலை ஏழரை மணி. வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுத்தாயிற்று. பக்கத்துக் கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். மடியில் பாதி முடிந்த குழந்தைப் போர்வை. மகளுக்கு ஆறாம் மாதம். காத்திருக்கும் நேரத்தில் நாலு வரிசை ஏறிவிடுகிறது. மாலையில் ரிப்போர்ட் வருகிறது. "சுகர் வந்துடுச்சும்மா" என்கிறார் டாக்டர். அன்றிரவே நூலும் ஊசியும் பையோடு பீரோவின் மேல் போய்விடுகின்றன.

இந்தக் காட்சியில் வரும் அம்மா உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. வயது வந்தோரில் அது 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். கைவேலை செய்கிறவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆனாலும் சுகர் வந்த புதிதில் கைவேலையை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சாப்பாடு, நடை, மாத்திரை என்று மூன்றைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கண் ஏன் திடீரென்று மங்குகிறது, விரல் ஏன் காலையில் மடங்க மறுக்கிறது, எண்ணிய கண்ணி ஏன் தவறுகிறது என்பதெல்லாம் பின்னுகிறவர் தானாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் பயந்தே விட்டுவிடுகிறோம். அந்தப் பையைக் கீழே இறக்கலாம், இறக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அந்த எண்கள். வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, எச்.பி.ஏ.1.சி 6.5, அல்லது அவற்றுக்கு மேல் என்பவை நீரிழிவின் எல்லைக்கோடுகள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற அறிகுறிகள் இல்லாதபோது ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். இவற்றில் கடைசி எண்ணைத்தான் நம் ஊர் லேப்களில் "மூணு மாச ஆவரேஜ்" என்கிறார்கள். ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். அதிலும் கடைசி ஒரு மாதத்துக்குக் கனம் அதிகம். ஏறக்குறைய பாதிப் பங்கு அதற்கே.

பின்னுகிறவருக்கு இது எளிதில் பிடிபடும். விரலில் குத்திப் பார்க்கும் அளவு ஒரு கண்ணி மாதிரி. எச்.பி.ஏ.1.சி முழுத் துணி. ஒரு கண்ணி தளர்ந்துபோனதற்காகத் துணியைப் பிரிக்கமாட்டோம். ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்துக்கு அடுத்த நாள் மீட்டர் 220 காட்டினால் அதற்காக உடைந்துபோகவும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: நம் பெண்கள் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு உண்டு. அந்த ரத்தசோகை எச்.பி.ஏ.1.சி எண்ணை உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஹீமோகுளோபின் குறைவு என்று தெரிந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

இனி கண். சுகர் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் பார்வை மங்குவது மிகச் சாதாரணம். பின்னுகிறவரை முதலில் பயமுறுத்துவதும் இதுதான். கண்ணிகள் ஒன்றோடொன்று கலந்து தெரியும். நடப்பது இது: பல மாதங்களாகச் சர்க்கரை கூடியிருந்தபோது கண்ணின் லென்ஸ் அதற்கேற்ப நீரை இழுத்துத் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்தது. இப்போது சர்க்கரை இறங்குகிறது, லென்ஸும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்த இடைக்காலத்தில் உங்கள் பழைய கண்ணாடி பொருந்தாது. அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்கினால் இரண்டு மாதத்தில் அதுவும் பொருந்தாமல் போகும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து சில வாரம் ஆனபின் பவர் பார்ப்பதுதான் சரி. அதுவரை கறுப்பு, கருநீலம், மெரூன் நூல்களை ஒதுக்கிவைத்துவிட்டு வெளிர் நிறத்தில், கொஞ்சம் தடித்த நூலில் வேலை செய்யுங்கள். ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில்.

கண்ணாடிக்குக் காத்திருக்கலாம், விழித்திரைப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டாம் வகை நீரிழிவு பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் இருந்துவிட்டுத்தான் பிடிபடுகிறது. அதனால் கண்டுபிடித்த உடனேயே, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்வார்கள். பிறகு பொதுவாக வருடம் ஒருமுறை. கண் முன் திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, திரை இறங்கியது போலப் பார்வை மறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அடுத்து கை. நீரிழிவு என்றால் பாதம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள்; கையைப் பற்றிப் பேசுவது குறைவு. அதிகச் சர்க்கரை தசைநார்களிலும் மூட்டு உறைகளிலும் உள்ள கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறது. தோள்பட்டை இறுகிப் பின்பக்கம் ஜாக்கெட் கொக்கி போட முடியாமல் போவது, விரல் மடங்கியபடியே நின்று 'டக்' என்று விடுபடுவது, மணிக்கட்டில் நரம்பு அழுந்தி இரவில் கை மரத்துப்போவது மூன்றுமே சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. ஒரு சின்ன சோதனை வீட்டிலேயே செய்யலாம். வணக்கம் சொல்வது போல இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பாருங்கள். விரல்களுக்கிடையில் இடைவெளி விழுந்து, கைகள் முழுதாக ஒட்டவில்லை என்றால் விரல் மூட்டுகள் இறுகத் தொடங்கியிருக்கலாம். மருத்துவப் புத்தகங்களிலும் இதற்குக் கும்பிடும் கையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதற்காகப் பின்னலை நிறுத்த வேண்டியதில்லை. பிடியைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு நீள ஊசிகளில் பெரிய போர்வையைப் பின்னினால் முழுக் கனமும் மணிக்கட்டில் தொங்கும். வயர் இணைத்த வட்ட ஊசியில் போட்டால் கனம் மடியில் உட்கார்ந்துகொள்ளும். குரோஷா ஊசி போடுகிறவர்கள் ரப்பர் பிடி வைத்த தடித்த ஊசிக்கு மாறலாம். முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை. காலையில் கை விறைப்பாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்து, விரல்களை மடக்கி நீட்டிவிட்டுத் தொடங்குங்கள். நீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகு கையை விடுங்கள். உணர்ச்சி குறைந்த விரலுக்குச் சூடு தெரியாது. தோள் இறுக்கத்தை மட்டும் "சரியாயிடும்" என்று தள்ளிப்போட வேண்டாம். பிசியோதெரபியைச் சீக்கிரம் தொடங்கினால் அசைவைக் காப்பாற்றிக்கொள்வது எளிது. மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் கை மரக்கலாம். அது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதற்கும் பின்னுகிறவருக்கு ஒரு தனி விதி உண்டு. நூல் ஓடும் ஆள்காட்டி விரலைத் தொடாதீர்கள். மோதிர விரலிலோ சுண்டு விரலிலோ, நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள்; வலி குறைவு, மறுநாள் ஊசி பிடிக்கும்போதும் உறுத்தாது. சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையையும் மீட்டர் சேர்த்துக் கணக்குச் சொல்லும். வெள்ளை நூலில் ரத்தம் பட்டுவிட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் கறையைப் பிடிக்க வைத்துவிடும்.

நம் வீடுகளில் வெறுங்காலோடுதான் நடமாடுகிறோம். கீழே விழுந்த தையல் ஊசி பாயிடுக்கில் கிடக்கும். பாதத்தில் உணர்ச்சி குறையத் தொடங்கியவருக்கு அது குத்தியதே தெரியாமல் இரண்டு நாள் ஓடிவிடும். அதற்குள் சீழ் வைத்திருக்கும். வேலை முடிந்து எழும்போது ஊசிகளை எண்ணி டப்பாவில் போடும் வழக்கம் வேண்டும். எத்தனை ஊசியோடு உட்கார்ந்தீர்களோ அத்தனையோடு எழுந்திருங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ஒரு செருப்பு. இரவு படுக்குமுன் பாதத்தைத் திருப்பி ஒரு பார்வை.

பின்னல் சர்க்கரையைக் குறைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நேரடியாகக் குறைக்காது. அது உட்கார்ந்து செய்யும் வேலை. நீண்ட நேரம் உட்கார்வது சர்க்கரைக்கு ஆகாது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் அதிகம் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடலின் பெரிய தசைகளெல்லாம் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. அவை சும்மா இருந்தால் சாப்பிட்ட சோறு ரத்தத்திலேயே சுற்றும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சற்று நடங்கள் என்கின்றன நீரிழிவு வழிகாட்டுதல்கள். பின்னுகிறவருக்குக் கடிகாரம் எதற்கு? உங்களுக்கு அரை மணியில் எத்தனை வரிசை ஏறும் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். ஆறு வரிசை என்றால், ஆறு முடிந்ததும் எழுந்து சமையலறை வரை இரண்டு முறை நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து சீரியலோடு பின்ன உட்காரும் வழக்கம் இருந்தால், முதலில் பதினைந்து நிமிடம் தெருவில் நடை, பிறகு ஊசி. சாப்பிட்ட உடனே ஏறும் சர்க்கரையை அந்தச் சின்ன நடை நன்றாகவே மட்டுப்படுத்தும். மாலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு இது சொல்லாமலே நடந்துவிடுகிறது. மின்ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் தாம்பரத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், கிண்டி வரை பின்னலாம். அங்கே ஊசியைப் பையில் போட்டுவிட்டு, நிற்பவர் ஒருவருக்கு இடத்தைக் கொடுத்து மாம்பலம், எழும்பூர் என்று நின்றபடி போகலாம்.

மறைமுகமாக உதவுமா என்றால், உதவும் என்றே நம்புகிறேன். பயமும் கவலையும் கூடினால் கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கூடும். அவை கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளும். 2013-இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி' இதழில் 3,545 பின்னலாளர்களிடம் கேட்டு எழுதிய ஒரு ஆய்வு வந்தது. அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியும் மகிழ்ச்சியும் கூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்கப்பட்டவர்கள் எல்லோருமே ஏற்கெனவே பின்னலை நேசிப்பவர்கள் என்பதால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் சுகர் வந்த முதல் மாதம் மனசு படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கை இரண்டும் வேலையாக இருக்கும்போது மிக்சர் தட்டுக்கும் போகாது. நம் தட்டில் கலோரியில் அறுபது சதவீதத்துக்கும் மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நொறுக்குத் தீனியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

சாப்பாட்டில் இன்னொரு பின்னல் பாடம் கை கொடுக்கும். ஸ்வெட்டர் தொடங்குமுன் நாலு அங்குலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்து பார்ப்போம் அல்லவா? மீட்டரை அப்படிப் பயன்படுத்துங்கள். யாரோ சொன்னார் என்று சோற்றையே விட்டுவிட்டு நாலாம் நாள் தாங்காமல் இரட்டிப்பாகச் சாப்பிடுவதைவிட, வழக்கமான மூன்று தோசையைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். இன்னொரு நாள் இரண்டு தோசை, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு கை சுண்டல். மறுபடி பாருங்கள். உங்கள் உடம்பின் அளவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

தாழ்சர்க்கரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அநேகமாக வராது. கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்தால் வரலாம், முக்கியமாகச் சாப்பாடு தள்ளிப்போகும் நாளில். இன்னும் ரெண்டே வரிசை என்று பின்னிக்கொண்டே மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளுகிறவர்கள் நாம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் நடுக்கம், படபடப்பு, பசி, குளிர்ந்த வியர்வை. மே மாதத் தாம்பரத்தில் வியர்வையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் தூக்கத்தில்கூடப் பின்னக்கூடிய வரிசையில் எண்ணிக்கை திரும்பத் திரும்பத் தவறினால், கையும் நடுங்கினால், ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சர்க்கரையைப் பாருங்கள். மூளைக்குக் குளுக்கோஸ் குறையும்போது முதலில் ஆட்டம் காண்பவற்றில் கவனமும் ஒன்று. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நூல் பையிலேயே ஒரு குளுக்கோஸ் பொட்டலம் கிடக்கட்டும்.

தாம்பரத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சானடோரியம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லி ரயிலேறும் அந்த நிலையத்தின் பெயர், டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரைச் செலவை நினைத்து மருந்தை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீரிழிவு மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள்.

சரி, அந்தப் போர்வையை முடிப்பது எப்படி? இங்கே நம் சென்னைக்காரர்களிடமே கற்றுக்கொள்ளலாம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் சுபஶ்ரீ நடராஜன் முன்னின்று நடத்திய மதர் இந்தியா குரோஷே குயின்ஸ் குழுவினர், உலகத்தின் மிகப் பெரிய குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன என்பதை நினைத்தால் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அந்தப் போர்வையை யாரும் ஒரே மடியில் வைத்துப் பின்னவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் நேரத்தில் துண்டு துண்டாகப் பின்னிக் கடைசியில் சேர்த்தார்கள். அடுத்த வருடம் அதே குழு 14.09 கிலோமீட்டர் நீள ஸ்கார்ஃப் பின்னியதும் இதே வழியில்தான்.

சுகர் வந்த புதிதில் உங்களுக்கும் இந்த வழிதான் தோது. போர்வையை ஒரே துணியாகத் தொடங்கியிருந்தால், இதுவரை பின்னியதை நடுப்பகுதியாக வைத்து முடித்துவிடுங்கள். சுற்றிலும் சின்னச் சதுரங்களாகச் சேர்த்துப் பெரிதாக்கலாம். ஒரு சதுரம் உள்ளங்கையில் அடங்கும், மணிக்கட்டில் தொங்காது. ஒன்று முடிந்ததும் எழுந்து நடக்க ஒரு காரணமும் கிடைக்கும். கண் மங்கலான நாளில் எளிய சதுரம், தெளிவான நாளில் பூ வைத்தது. உடம்பு முடியாத நாளில் ஒன்றுமே வேண்டாம். பிரிந்துபோக அங்கே எதுவும் இல்லை. குழந்தை பிறக்கப்போவது இந்த ஊர் வெயிலில் என்பதால் உல்லனைவிடப் பருத்தி நூல் நல்லது. மென்மையாக இருக்கும், வியர்வையை இழுக்கும், அடிக்கடி துவைக்கலாம்.

பலருடைய போர்வை நின்றுபோவது பின்னலில் அல்ல, அதற்குப் பிறகு வரும் வேலையில். முப்பது சதுரம் குவிந்தபின் அறுபது நூல் வால்களைப் பார்த்தால் யாருக்கும் மலைப்புத்தான். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் அதன் வாலை அப்போதே மூன்று திசையில் ஊசியால் உள்ளே செருகி, அளவாக வெட்டிவிடுங்கள். பத்துச் சதுரம் சேர்ந்ததும் ஒரு பட்டையாக இணைத்துவிடுங்கள். மாத்திரை டப்பாவில் வாரத்துக்கு ஏழு அறை இருக்கிறதே, அதன் பக்கத்திலேயே முடிந்த சதுரங்களை அடுக்கி வைக்கும் ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் பார்த்தால் மற்றது ஞாபகம் வந்துவிடும் என்றார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே பரிசோதனை நிலையம். எச்.பி.ஏ.1.சிக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் காலைச் சர்க்கரையையும் சாப்பிட்டபின் சர்க்கரையையும் சேர்த்தே எழுதியிருப்பார் டாக்டர். பெரும்பாலானவர்களுக்கு ஏழுக்குக் கீழே என்பது இலக்கு. வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து உங்களுக்கு வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே சரி. முதல் ரத்தத்தைக் கொடுங்கள். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். தெருமுனை வரை ஒரு நடை போய்விட்டு வந்து உட்காருங்கள். சதுரங்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன, சுற்றுக்கரை மட்டும் பாக்கி. ஊசியும் கடைசி நூல்கண்டும் பையில் இருக்கின்றன. அடுத்த ரத்தத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.